போரான் தாளில் ஓட்டைகள் எதற்கு?

கிராஃபீன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. கார்பன் அணுக்கள் ஒற்றை அடுக்காக, அறுங்கோண வலையாகப் பின்னிக்கொண்ட தாள் அது. அதையே சுருட்டிப் பார்த்தால் கார்பன் நானோகுழாய். சரி, கார்பனால் முடிந்தது பக்கத்துத் தனிமத்தால் முடியாதா? தனிம வரிசை அட்டவணையில் கார்பனுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் போரானைப் பற்றி இந்தக் கேள்வி 1990களிலேயே எழுந்துவிட்டது. முடியும் என்பதுதான் விடை. ஆனால் போரான் தாள் கிராஃபீனின் நகல் இல்லை. அதில் சில அறுங்கோணங்களின் நடுவில் கூடுதலாக ஓர் அணு உட்கார்ந்திருக்கும். சிலவற்றின் நடுவில் ஒன்றும் இருக்காது, ஓட்டைதான். எத்தனை ஓட்டை, எங்கெங்கே என்பதை வைத்தே தாளின் குணம் அமைகிறது. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, பள்ளியில் படித்த எலக்ட்ரான் கணக்கு போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போரான் தாள், போரான் குழாய் என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ‘போரான் நைட்ரைடு’ பற்றிய செய்திகள். அது வேறு பொருள். அதில் போரானும் நைட்ரஜனும் மாறி மாறி அமர்ந்திருக்கும். போரானின் 3 இணைதிறன் எலக்ட்ரான்கள், நைட்ரஜனின் 5, மொத்தம் 8. இரண்டு கார்பன் அணுக்களுக்கும் 4, 4 என்று அதே 8தான். கணக்கு பொருந்திவிடுவதால் போரான் நைட்ரைடு சிரமமே இல்லாமல் கிராஃபீனின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. மின்சாரத்தை மட்டும் கடத்தாது. இங்கே நாம் பேசப்போவது நைட்ரஜன் எதுவும் கலக்காத, போரான் மட்டுமே உள்ள தாள்களையும் குழாய்களையும்.

பற்றாக்குறையில் பிறந்த தனிமம்

போரானின் அணு எண் 5. உள்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் போய்விட்டால், பிணைப்புக்கு மிஞ்சுவது மூன்று. ஆனால் பிணைப்பில் ஈடுபடக்கூடிய ஆர்பிட்டால்கள் நான்கு. கார்பனுக்கு நான்கு ஆர்பிட்டால், நான்கு எலக்ட்ரான், கச்சிதம். போரானுக்கு இடம் நான்கு, ஆள் மூன்று. வேதியியலில் இதை எலக்ட்ரான் பற்றாக்குறை என்பார்கள். போரானின் விசித்திரங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

வழக்கமான சகப்பிணைப்பில் இரண்டு அணுக்கள் இரண்டு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எலக்ட்ரான் போதாத போரான் என்ன செய்கிறது? அதே இரண்டு எலக்ட்ரான்களை மூன்று அணுக்களுக்கு நடுவே பொதுவில் வைத்துக்கொள்கிறது. இதற்கு மூன்று மையப் பிணைப்பு என்று பெயர். பாடப்புத்தகங்களில் வரும் டைபோரேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன். ஈத்தேனைப் போலக் கட்ட வேண்டுமென்றால் ஏழு பிணைப்புகள், அதாவது 14 எலக்ட்ரான்கள் தேவை. கையில் இருப்பதோ 12. அதனால் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இரு போரான்களுக்கும் நடுவில் பாலம்போல் அமர்ந்து, ஒவ்வொரு பாலத்திலும் இரண்டே எலக்ட்ரான்களைக் கொண்டு மூன்று அணுக்கள் பிணைகின்றன. இத்தகைய போரேன் சேர்மங்களின் அமைப்பை விளக்கியதற்காக வில்லியம் லிப்ஸ்கோம்புக்கு 1976இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று பேர் சேர்ந்து பிணைவதென்றால் முக்கோணம் வரும். முக்கோணங்கள் நிறையச் சேர்ந்தால் மூடிய கூண்டு வரும். திடப்பொருளாகக் கிடைக்கும் போரானின் உட்புறத்தைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது. 12 அணுக்கள் சேர்ந்து, 20 முக்கோண முகங்கள் கொண்ட கூண்டுகளாகி, அந்தக் கூண்டுகள் ஒன்றோடொன்று எல்லாத் திசையிலும் கோத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வகைப் போரான் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகுக்குள் மட்டுமே 100க்கு மேற்பட்ட அணுக்கள். மிகக் கடினமான பொருள். உருகுநிலை 2000 டிகிரி செல்சியஸுக்கும் மேல்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட் அடுக்கடுக்கான பொருள் என்பதால், 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவை வைத்தே அதிலிருந்து ஓர் அடுக்கை உரித்தெடுக்க முடிந்தது. போரானில் உரிக்க அடுக்கே கிடையாது. ஆகவே போரான் தாள் என்பது இயற்கையில் இருந்து கண்டெடுத்த பொருள் அல்ல. முதலில் காகிதத்திலும் கணினியிலும் வரைந்து, பிறகு அணு அணுவாக அடுக்கிக் கட்டிய பொருள். கணக்கு முன்னால் போக, சோதனை பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த கதை இது.

தட்டையாகக் கிடக்கும் கூட்டங்கள்

திடநிலையில் கூண்டு கட்டும் போரான், சில அணுக்கள் மட்டுமே இருக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. 1990களில் இஹ்சான் புஸ்தானி என்ற ஆய்வாளர் சிறு போரான் கூட்டங்களைக் கணினியில் ஆராய்ந்து, அவை தட்டையாக அல்லது லேசாக வளைந்த தட்டுகளாக இருக்கவே விரும்புகின்றன என்று காட்டினார். 1997இல் அவரும் அலெக்சாண்டர் குவாண்ட்டும் போரான் நானோகுழாய்கள் இருக்க முடியும் என்று முன்வைத்தார்கள். அப்போது அதற்குச் சோதனை ஆதாரம் எதுவும் இல்லை.

பின்னால் அமெரிக்காவில் லாய்-ஷெங் வாங் குழுவினர், வாயு நிலையில் சிறு போரான் கூட்டங்களை உருவாக்கி, அவற்றின்மீது லேசர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து வடிவத்தைக் கண்டறிந்தார்கள். தட்டை என்பது உண்மைதான் என்று தெரிந்தது. ஒன்பது அணுக்கள் கொண்ட எதிர்மின் கூட்டம் ஒரு சக்கரம்: நடுவில் ஓர் அணு, சுற்றிலும் எட்டு. கார்பனுக்குப் பழகிய கண்ணுக்கு இது நம்பவே முடியாத அமைப்பு. 2014இல், அப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த வாங் குழு 36 அணுக் கூட்டத்தைப் பற்றி அறிவித்தது. முக்கோணங்களால் ஆன தட்டு, ஆனால் நட்டநடுவில் சுத்தமான ஓர் அறுங்கோண ஓட்டை. பெரிய தாளும் இப்படித்தான் ஓட்டையோடு இருக்கும் என்பதற்கு அது ஒரு முன்னோட்டம். ஓர் அணுத் தடிமனுள்ள போரான் தாளுக்குப் போரோஃபீன் என்ற பெயர் பரவலானதும் அப்போதிருந்துதான்.

ஓட்டைக் கணக்கு

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். போரான் தாளை எப்படி வரையலாம்?

முதல் யோசனை, கிராஃபீன் மாதிரியே வெறும் அறுங்கோண வலை. இது தேறாது. கிராஃபீனில் ஒவ்வோர் அணுவும் 4 எலக்ட்ரான் கொடுக்கிறது. இங்கே 3தான் வரும். பிணைப்பு நிலைகள் காலியாகவே கிடக்கும்.

இரண்டாவது யோசனை, எல்லா அறுங்கோணத்தின் நடுவிலும் ஓர் அணுவை வைத்து முழுத் தாளையும் முக்கோணங்களாக ஆக்கிவிடுவது. மூன்று மையப் பிணைப்புக்கு முக்கோணம்தானே பொருத்தம்? பல ஆண்டுகள் ஆய்வாளர்கள் இந்தத் தாளைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். முழுக்கத் தட்டையாக இல்லாமல், ஒரு வரிசை மேலே, ஒரு வரிசை கீழே என்று நெளிந்தால் ஆற்றல் குறைகிறது என்றும் கண்டார்கள். ஆனால் இதில் எதிர்ப் பிரச்சினை. எலக்ட்ரான்கள் பிணைப்பு நிலைகளை நிரப்பிவிட்டு, மிச்சம் போய்ப் பிணைப்பைத் தளர்த்தும் நிலைகளில் உட்காருகின்றன. ஒன்றில் பற்றாக்குறை, மற்றதில் உபரி.

2007இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹுவி டாங், சொஹ்ரப் இஸ்மாயில்-பெய்கி இருவரும் இதற்கு விடை சொன்னார்கள்: இரண்டையும் கலந்துவிடுங்கள். சில அறுங்கோணங்களை நிரப்புங்கள், சிலவற்றைக் காலியாக விடுங்கள். நிரப்பிய பகுதியின் உபரி, காலியான பகுதியின் பற்றாக்குறையைத் தீர்க்கும்.

எவ்வளவு நிரப்ப வேண்டும்? நாமே போட்டுப் பார்க்கலாம். 300 அறுங்கோணங்கள் கொண்ட ஒரு வலையை எடுத்துக்கொள்வோம். ஓரங்களை மறந்துவிட்டால், அதில் 600 அணுக்கள் இருக்கும் (ஒவ்வோர் அணுவையும் மூன்று அறுங்கோணங்கள் பகிர்ந்துகொள்வதால்). கார்பன் என்றால் 2400 எலக்ட்ரான். போரான் என்றால் 1800. குறைவது 600. நடுவில் வைக்கும் ஒவ்வொரு போரானும் 3 எலக்ட்ரானைக் கொண்டுவருகிறது. 600ஐ 3ஆல் வகுத்தால் 200. ஆக, 300 அறுங்கோணங்களில் 200ஐ நிரப்பி, 100ஐ ஓட்டையாக விட்டால், எலக்ட்ரான் எண்ணிக்கை கிராஃபீனுடையதற்குச் சரியாகச் சமமாகிவிடும்.

இது ஏதோ எண்ணிக்கை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் டாங்கும் இஸ்மாயில்-பெய்கியும் குவாண்டம் கணக்கீடுகளால் கண்டுபிடித்த, அவர்கள் ஆல்ஃபா தாள் என்று பெயரிட்ட அமைப்பில் இதே விகிதம்தான் இருக்கிறது. நடுவில் அமரும் அணு தன் மூன்று எலக்ட்ரான்களையும் சுற்றியுள்ள வலைக்குக் கொடுத்துவிடும் கொடையாளியாக நடந்துகொள்கிறது என்பதையும் அவர்களே பிறகு காட்டினார்கள்.

இந்தத் துறையில் அடிக்கடி வரும் ‘துளை அடர்த்தி’ என்ற அளவையும் இங்கேயே சொல்லிவிடலாம். முழு முக்கோணத் தாளில் 900 இடங்கள் இருக்கும் (600 கூட்டல் 300). அதில் 100 காலி என்றால் துளை அடர்த்தி 1/9. முழு முக்கோணத் தாளுக்கு இது 0. வெறும் அறுங்கோண வலைக்கு 1/3. (குறைகடத்திப் பாடத்தில் வரும் நேர்மின் ‘துளை’ வேறு. இங்கே துளை என்பது உண்மையிலேயே அணு இல்லாத இடம்.)

அதே 2007இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் போரிஸ் யாகப்சன் குழு, 80 போரான் அணுக்களால் ஆன பந்து ஒன்றை முன்வைத்தது. 60 கார்பன் அணுக்கள் கொண்ட புகழ்பெற்ற பந்தின் சட்டகமே அது. கூடவே 20 அறுங்கோணங்களின் நடுவிலும் ஒவ்வோர் அணு. 12 ஐங்கோணங்கள் காலி. எண்ணிப் பாருங்கள்: 80 போரான் அணுக்களுக்கு 240 எலக்ட்ரான், 60 கார்பன் அணுக்களுக்கும் 240. இந்தப் பந்தைவிட ஆற்றல் குறைந்த வேறு வடிவங்கள் உண்டு என்று பிற்காலக் கணக்கீடுகள் சொல்லிவிட்டன என்பது தனிக்கதை. ஆனாலும் இந்தக் கணக்கின் அழகுக்காகவே அதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சோதனையில் உண்மையாகக் காணப்பட்ட போரான் பந்து 40 அணுக்கள் கொண்டது, 2014இல் அறிவிக்கப்பட்டது.

கணக்கை இன்னொரு பொருளிலும் சரிபார்க்கலாம். மக்னீசியம் டைபோரைடு என்ற சேர்மத்தில் போரான் அணுக்கள் ஓட்டையே நிரப்பாத, சுத்தமான அறுங்கோண வலையாக இருக்கின்றன. தேறாது என்று மேலே சொன்ன அதே வலை! எப்படி நிலைக்கிறது? அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் ஒவ்வொரு மக்னீசியமும் இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு போரான். ஆளுக்கு ஒன்று. மூன்று நான்காகிவிட்டது, கணக்கு நேர். இந்தச் சேர்மம் 39 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது என்று 2001இல் ஜப்பானில் ஜுன் அகிமிட்சு குழு கண்டுபிடித்தது.

வெள்ளியின் மேல் வளர்ந்த தாள்

2015 டிசம்பரில்தான் போரான் தாள் கையில் வந்தது. கையில் என்பதும் மிகைதான். வெள்ளிப் படிகத்தின் மேல், மிக உயர்ந்த வெற்றிடத்துக்குள். ஆர்கோன் தேசிய ஆய்வகம், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், 450 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய தூய வெள்ளிப் பரப்பின்மீது போரானை ஆவியாக்கிப் படியவிட்டு, அணு அளவு நுண்ணோக்கியால் பார்த்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் சீன அறிவியல் அகாதமியின் இயற்பியல் நிறுவனத்தில் வூ கேஹுய் குழுவும் தனியாக இதைச் செய்து, 2016இல் வெளியிட்டது.

ஏன் வெள்ளி? போரானோடு சேர்ந்து சேர்மமாகிவிடாத உலோகம் வேண்டும். அதே நேரம் போரான் கூண்டு கட்டாமல் பரப்போடு ஒட்டிக் கிடக்கும் அளவுக்குப் பிடிமானமும் வேண்டும். வெள்ளிக்கு இரண்டும் பொருந்தியது.

ஆனால் வளர்ந்த தாள் ஆல்ஃபா தாள் இல்லை. வூ குழு கண்ட இரண்டு வகைகளுக்கு பீட்டா-12, கை-3 என்று பெயர் (‘கை’ என்பது கிரேக்க எழுத்து). முதலாவதன் துளை அடர்த்தி 1/6, இரண்டாவதற்கு 1/5. இரண்டுமே 1/9ஐவிட அதிகம். அதாவது, எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் ஓட்டைகள். முன்பு போட்ட கணக்கை நினைவில் வைத்தால் இது வியப்பளிக்காது. வெள்ளி கொஞ்சம் எலக்ட்ரானைப் போரானுக்குக் கொடுக்கிறது. வெளியிலிருந்து எலக்ட்ரான் வந்தால், நடுவில் கொடையாளி அணுக்கள் அவ்வளவு தேவையில்லை. ஓட்டைகள் கூடும். வெள்ளியின் மேல் 1/6 அடர்த்தித் தாள்தான் நிலையானது என்று யாகப்சன் குழு கணக்கிட்டும் சொல்லியிருந்தது.

அப்படியானால் இன்னும் தாராளமாக எலக்ட்ரான் கொடுக்கும் உலோகத்தை வைத்தால்? 2018இல் வூ குழு அலுமினியப் பரப்பில் போரானை வளர்த்தபோது, ஓட்டைகள் எதுவும் நிரப்பப்படாத முழு அறுங்கோண வலையே கிடைத்தது. மக்னீசியம் செய்த வேலையை இங்கே அலுமினியம் செய்கிறது.

இந்த எண்ணிக்கை முறை திசையைத்தான் சரியாகக் காட்டும், அளவைத் துல்லியமாகச் சொல்லாது. பீட்டா-12 தாளின் பற்றாக்குறையை இதே முறையில் எண்ணினால் அணுவுக்கு 0.2 எலக்ட்ரான் வெளியிலிருந்து வர வேண்டும். வெள்ளி உண்மையில் கொடுப்பது அதைவிட மிகக் குறைவு. போரானுக்கும் வெள்ளிக்கும் இடையிலான ஒட்டுதல், அணுக்களின் வரிசைகள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டைகளின் அடர்த்தியும் இடமும் சற்றே மாறினாலும் தாளின் ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை. தனியே மிதக்கும் தாள் என்று வைத்துக் கணக்கிட்டால், ஏறக்குறைய ஒரே ஆற்றலில் பல அமைப்புகள் கிடைக்கின்றன. கிராஃபீன் என்றால் ஒரே ஓர் அமைப்பு. போரோஃபீன் என்பது ஒரு குடும்பப் பெயர். வெள்ளியின் மேல் வளர்ந்த தாள்களில் பீட்டா-12 நடுவில் கை-3 வரிசையும், கை-3 நடுவில் பீட்டா-12 வரிசையும் கலந்து வருவதுண்டு. ஒன்றில் குறைபாடாக வரும் வரிசை, மற்றதன் கட்டுமான அலகு. இதனால் ‘போரோஃபீனின் வலிமை இவ்வளவு’ என்று ஒற்றை எண்ணை யாராவது சொன்னால், எந்தப் போரோஃபீன் என்று கேட்டுவிடுவது நல்லது.

என்னென்ன குணங்கள்?

முதலாவது, உலோகத்தன்மை. திடப் போரான் குறைகடத்தி. கிராஃபீன் உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் எல்லைக்கோட்டில் நிற்பது. போரோஃபீனோ மின்சாரத்தைக் கடத்தும் உலோகம். தாளின் தளத்துக்குள் இருக்கும் வலுவான பிணைப்புகள் நிரம்பிய பிறகு, தளத்துக்கு மேலும் கீழும் பரவியிருக்கும் ஆர்பிட்டால்கள் பாதி நிரம்பியபடி தாள் முழுக்க ஓடுகின்றன. எலக்ட்ரான்கள் நடமாட அங்கே இடம் இருக்கிறது. உலோகமல்லாத ஒரு தனிமம், ஓர் அணுத் தடிமனில் உலோகமாகிவிடுகிறது. இந்தப் பொருளில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். போதாக்குறைக்கு, எலக்ட்ரான்கள் நிறையற்றவைபோல ஓடும் கிராஃபீனின் சிறப்பு அமைப்பு, வெள்ளியின் மேல் இருக்கும் பீட்டா-12 தாளிலும் உண்டு என்று 2017இல் சோதனையில் காட்டினார்கள்.

இரண்டாவது, திசைக்குத் திசை மாறும் குணம். இங்கே கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஒரு திசையில் 398, குறுக்குத் திசையில் 170 ஜிகாபாஸ்கல்-நானோமீட்டர் விறைப்பு என்ற எண்களை எங்கும் பார்க்கலாம். கிராஃபீனுக்கு இது சுமார் 340. அதனால் ‘கிராஃபீனையே மிஞ்சும் போரோஃபீன்’ என்று தலைப்பிடுவார்கள். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்குவதற்குப் பதில் விரியும் என்ற எதிர்மறைப் பாய்சான் விகிதமும் கூடவே வரும். இவை எல்லாம் ஓட்டையே இல்லாத, நெளிந்த முக்கோணத் தாளுக்குக் கணக்கிட்டவை. 2015இல் அமெரிக்கக் குழு தன் படங்களை அந்த அமைப்பைக் கொண்டுதான் விளக்கியது. ஆனால் 2018இல் எக்ஸ் கதிர் அளவீடுகள் வந்தபோது, வெள்ளியின் மேல் இருப்பது ஓட்டைகள் கொண்ட, தட்டையான 1/6 வகை என்பதற்கே ஆதாரம் வலுத்தது. ஆகவே 398ஐ வளர்த்த தாளின் அளவீடாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓட்டையுள்ள தாள்கள் கிராஃபீனைவிட எளிதாக வளையும் என்கின்றன கணக்கீடுகள். இழுத்தால் பிணைப்புகள் நீள்வதோடு, ஓட்டைகளைச் சுற்றியுள்ள அணுக்கள் இடம் மாறியும் கொடுக்கும். கீழே இருக்கும் வெள்ளிப் பரப்பு அலையலையாக மாறினால் போரோஃபீனும் கூடவே அலையாக வளைந்துகொள்வதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது, மீக்கடத்துத்திறன். லேசான அணு, நிறைய நடமாடும் எலக்ட்ரான், இரண்டும் சேர்ந்தால் மீக்கடத்தி ஆக வாய்ப்பு அதிகம். தனித்த போரோஃபீன் 10 முதல் 20 கெல்வின் வரையில் மீக்கடத்தி ஆகலாம் என்று 2016இல் கணக்கிட்டார்கள். ஆனால் தாளைத் தாங்கும் வெள்ளி, அதை இழுத்துப் பிடித்தும் எலக்ட்ரான் கொடுத்தும் அந்தக் குணத்தைக் கெடுத்துவிடும் என்றது அடுத்து வந்த கணக்கு. தாளை உண்டாக்குவதற்குத் தேவையான அதே வெள்ளி!

லித்தியம் மின்கலத்துக்கு இது நல்ல எதிர்மின்வாயாகும் என்றும் சொல்கிறார்கள். கிராமுக்கு 1860 மில்லியாம்பியர்-மணி என்பது கணக்கிட்ட கொள்ளளவு, கிராஃபைட்டுக்கு 372. போரான் லேசானது என்பதால் எடைக்கு நிறைய லித்தியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற தர்க்கம் சரிதான். ஆனால் மிக நுண்ணிய பரப்பில் வெற்றிடத்துக்குள் வளரும் தாளுக்கும் மின்கலத் தொழிற்சாலைக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

சுருட்டினால் குழாய்

நானோகுழாயைப் புரிந்துகொள்ள, ஒரே மாதிரிக் கட்டங்கள் அச்சிட்ட காகிதத்தைச் சுருட்டி ஓரங்களை ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேராகச் சுருட்டலாம், கோணலாகவும் சுருட்டலாம். கட்டங்கள் ஒட்டும் இடத்தில் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கோணத்தில், எவ்வளவு அகலத்தைச் சுருட்டினோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிப்பார்கள்.

கார்பன் குழாயில் இந்த இரண்டு எண்கள்தான் தலையெழுத்து. இரண்டின் வித்தியாசம் 3ஆல் வகுபட்டால் குழாய் உலோகம் போல நடக்கும், இல்லையென்றால் குறைகடத்தி. சோதனைக்கூடத்தில் கலந்துகட்டி உருவாகும் குழாய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உலோக வகை. கம்பியாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு இது தீராத தலைவலி.

போரானில் தாளே உலோகம் என்பதால், எப்படிச் சுருட்டினாலும் குழாய் உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பது முதல் எதிர்பார்ப்பு. பருமனான குழாய்களுக்கு அது பொருந்துகிறது. மெல்லிய குழாய்களில் சர்ச்சை. ஆல்ஃபா தாளை மிகக் குறுகலாகச் சுருட்டும்போது, அறுங்கோணங்களின் நடுவில் இருக்கும் அணுக்கள் சுவரின் தளத்திலிருந்து விலகி நகர்கின்றன. அந்த நெளிவால் எலக்ட்ரான் நிலைகளில் சிறிய இடைவெளி விழுந்து குழாய் குறைகடத்தியாகிறது. எல்லை விட்டம் 1.7 முதல் 2 நானோமீட்டர் வரை என்று 2008ஐ ஒட்டிய கணக்கீடுகள் சொல்லின. வேறு கணக்கீட்டு முறைகளைக் கையாண்டவர்கள், அந்த நெளிவு உண்மையில் இருக்காது, மெல்லிய குழாய்களும் உலோகம்தான் என்றார்கள். ஓர் அணு இம்மியளவு உள்ளே நகர்கிறதா இல்லையா என்பதில் உலோகமா குறைகடத்தியா என்ற கேள்வி தொங்குகிறது!

வேடிக்கை என்னவென்றால், சோதனையில் தாளுக்கு முன்பே குழாய் வந்துவிட்டது. 2004இல் யேலில் லிசா ஃபெஃபர்லே குழுவினர், மக்னீசியம் கலந்த, சீரான நுண்துளைகள் கொண்ட சிலிக்காவை அச்சாக வைத்து, போரான் ட்ரைகுளோரைடு வாயுவை ஹைட்ரஜனோடு செலுத்தி, சுமார் 3 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சுவர்க் குழாய்களை உருவாக்கினார்கள். டாங், இஸ்மாயில்-பெய்கி இருவரும் அதே பல்கலைக்கழகத்தினர் என்பதையும், சோதனைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அவர்களது ஆய்வின் தலைப்பே இந்தக் குழாய்களுக்குத் தாய்த் தாள் எது என்பதைப் பற்றியதுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு புரியும். 2010இல் சீன ஆய்வாளர்கள் 10 முதல் 40 நானோமீட்டர் வரை விட்டமுள்ள பலசுவர்க் குழாய்களைத் தயாரித்து, ஒவ்வொன்றாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். எந்தக் கோணத்தில் சுருண்டிருந்தாலும் அவை உலோகம் போலவே கடத்தின.

குழாயின் சுவரில் ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று நேரடியாகப் பார்ப்பது தாளில் பார்ப்பதைவிடக் கடினம். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கற்றை படும்போதே மெல்லிய போரான் குழாய்கள் சிதைந்துவிடுகின்றன. அதனால் குழாய்ச் சுவர் பற்றி நாம் பேசுவதில் பெரும்பங்கு தாளிலிருந்து ஊகித்ததுதான்.

காற்றுக்கு ஆகாது

போரோஃபீனின் பெரிய பலவீனம் ஆக்சிஜன். வெற்றிடத்திலிருந்து வெளியே எடுத்தால் விரைவில் ஆக்சைடாகிவிடும். பற்றாக்குறையுள்ள அணு, எலக்ட்ரான் நிறைந்த ஆக்சிஜனைக் கண்டால் விடுமா? மேலே சிலிக்கானைப் பூசி மூடிவைப்பது ஆரம்பத்தில் செய்த ஏற்பாடு.

2021இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹெர்சம் குழு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. வெள்ளியின் மேல் இருக்கும் போரோஃபீனில் ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தார்கள். சில ஹைட்ரஜன்கள் ஒரே போரானோடும், சில இரண்டு போரான்களுக்கு நடுவில் பாலமாகவும் அமர்ந்தன. டைபோரேனில் பார்த்த அதே பாலம்தான். இப்படி மாறிய தாள் காற்றில் ஆக்சைடாகும் வேகம் நூறு மடங்குக்கு மேல் குறைந்தது. சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறி, பழைய போரோஃபீன் திரும்பக் கிடைக்கிறது.

அதையடுத்து இரட்டை அடுக்குப் போரோஃபீனும் வந்தது. வெள்ளியின் மேல் ஹெர்சம் குழுவும், தாமிரத்தின் மேல் வூ குழுவும் வளர்த்தன. கிராஃபைட்டில் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சும்மா கிடக்கும். இங்கே இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் சில இடங்களில் உண்மையான சகப்பிணைப்புகள் உருவாகி இறுக்கிப் பிடிக்கின்றன. அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால் போரான் எந்த இடத்தில் தாளாக இருப்பதை விட்டுவிட்டுக் கூண்டு கட்டத் தொடங்கும் என்பது இப்போது பலரும் ஆராய்ந்துகொண்டிருக்கும் கேள்வி.